குதிரையின் நடையும் மனிதரின் நிமிர்வும்

 

டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். 1944ஆம் ஆண்டு, இருபத்து மூன்றாம் வயதில், கருவுற்றிருந்த வேளையில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமே பிறந்தது. தாயின் உடலும் சிறிது சிறிதாகத் தேறியது. ஆயினும் முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. ஜூபிலி என்னும் பெண்குதிரையின் மீது பிறர் தூக்கி அமர்த்த, உடலின் சாய்வாலேயே அதற்குக் குறிப்புணர்த்தப் பழகினார். குதிரையின் ஒழுங்கான நடையை மதிப்பிடும் டிரெசாஜ் போட்டியில், ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது 1952இல் ஹெல்சிங்கியில்தான். அங்கே ஆடவரோடு போட்டியிட்டு அம்மையார் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வெள்ளியே பெற்றார்.

அவரது வெற்றி பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. பிரிட்டனில் இதற்கென ஒரு சங்கம் 1969இல் தோன்றியது. 1996 முதல் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் இடம்பெறுகிறது.

குதிரை செய்யும் உதவிதான் யாது? அது நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேல்கீழாகவும் அசைகிறது. அவ்வசைவு, நடக்கும் மனிதரின் இடுப்பசைவை ஒத்தது. ஆதலால் தன் காலால் நடந்தறியாத குழந்தையின் இடுப்பும் நடையின் தாளத்தை அறிகிறது. ஒவ்வோர் அடிக்கும் உடல் தன்னை நிமிர்த்திச் சமன் செய்துகொள்கிறது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுக்கு இப்பயிற்சி பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. இது நோயை வேரறுக்கும் மருந்தன்று, உடலுக்கு உறுதுணை. முதுகெலும்பு உறுதியற்றோர்க்கும், அடங்காத வலிப்புடையோர்க்கும் இது ஏற்றதன்று. எனவே மருத்துவரின் ஒப்புதல் முதற்கண் வேண்டும். ஒருவர் குதிரையை நடத்திச் செல்ல, இருபுறமும் துணைவர் இருவர் உடன் நடப்பதும் உண்டு.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு: மனிதர் நலம்பெற வாயில்லா உயிர் சுமை தாங்குவது முறையோ? கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நல்ல பயிற்சி நிலையங்கள் கடைப்பிடிக்கும் விதிகளும் இவற்றுக்கு அணுக்கமாகவே அமைந்துள்ளன. ஏறுபவரின் எடைக்கு வரம்பு உண்டு. வேலை நேரத்திற்கு அளவு உண்டு. ஓய்வும் மேய்ச்சலும் உண்டு. சோர்ந்த குதிரை அன்று பணிக்கு வருவதில்லை. அச்சமுற்ற குதிரையின் நடை பிறழும். பிறழ்ந்த நடை நோயாளிக்கு உதவாது. அடித்துப் பெறக்கூடிய உதவி அன்று இது.

ஆகவே, இத்தகைய நிலையத்தை நாடும் குடும்பத்தார் இரண்டினையும் கேட்டறிதல் வேண்டும்: குழந்தைக்குக் காப்பு யாது? குதிரைக்கு ஓய்வு யாது? இரண்டிற்கும் நேரிய விடை கிடைக்குமிடமே தகுந்த இடம்.

எவ்வுயிரும் இன்புறுக!