மென்பொருளுக்குப் பணம் எங்கே போகிறது?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பராமரிப்புக் கட்டணம் வசூலிக்க மென்பொருள் வாங்குவதற்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. விலை குறைந்ததையே வாங்கிவிடலாம் என்பது பலருடைய கருத்து. பணம் உண்மையில் எதற்குச் செலவாகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குச் சொன்னார். மொத்த நேரத்தில் திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, புரோகிராம் எழுத ஆறில் ஒரு பங்கு, மீதிப் பாதி சோதித்துப் பார்க்க. வங்கியில் இதை நாங்கள் நேரிலேயே கண்டோம். கணினி வந்த பிறகும் பல நாள் பேரேடும் எழுதினோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம்.

செலவு அதோடும் நிற்பதில்லை. ஜி.எஸ்.டி.யில் பதிந்த குடியிருப்போர் சங்கங்களைப் பாருங்கள். உறுப்பினர் கட்டணத்தில் மாதம் 5,000 ரூபாய் வரை வரிவிலக்கு இருந்தது. 2018 ஜனவரி 25 முதல் அது 7,500 ஆயிற்று. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 9,000 ரூபாய் கட்டும் வீட்டுக்கு, 18 சதவீதப்படி, முதல் முறையில் வரி 1,620 ரூபாய். இரண்டாவது முறையில் 270 ரூபாய்.

இதற்காகப் புரோகிராமில் மாற்றுவது சில வரிகள்தான். ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். மாற்றிய பின் பழைய பாக்கி, தாமதக் கட்டணம், ரசீது எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியவர் விலகிப் போயிருந்தால், புதிதாக வருபவர் முதலில் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான். நம்மூர்த் தோணிக்கும் இதே கணக்குத்தான்: கட்டுகிற செலவு ஒரு தடவை, பழுது பார்க்கிற செலவு அது கடலில் ஓடுகிற வரை.

ஆகவே இருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். விதி மாறினால் திருத்தித் தர ஆண்டுக்கு எவ்வளவு? முதல் மூன்று மாதம் நம் நோட்டுக் கணக்கோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க உடனிருப்பாரா? நாளை அவர் தொழிலை விட்டுவிட்டால், நம் கணக்கு முழுவதும் எக்செல் கோப்பாக நம் கைக்கு வருமா?

பதிலை எழுத்தில் வாங்கி, ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்போம். எது விலை குறைவு என்பது அப்போது தெரிந்துவிடும்.