முன்பணம் யார் பணம்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விக்கிரமசிங்கபுரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் பேட்டையிலும் குடக்கூலி வீட்டில் காலம் தள்ளுவோர் நம்மில் ஏராளம். வீடு பேசும்போதே பத்து மாத வாடகையை அட்வான்சாக எடுத்து வை என்கிறார்கள். மாதம் நாலாயிரம் என்றால் நாற்பதாயிரம். அது எங்கிருந்து வந்தது? மில் கூலி, நடவுக் கூலி, வீட்டுப் பெண்கள் சுற்றிய பீடிக் கூலி, அதுவும் போதாமல் அடகுக்குப் போன கம்மல்.

காலி செய்கிற அன்று என்ன நடக்கிறது?

"அண்ணாச்சி, அட்வான்ஸ்..." என்று இழுப்போம்.

"வெள்ளையடிக்கவே எட்டாயிரம் ஆகும்வே. குழாய் வேற மாத்தணும். அடுத்த ஆள் வரட்டும், மிச்சத்தைத் தாரேன்."

அடுத்த ஆள் வருகிறவரை நாம் நடக்க வேண்டியதுதான். நம் பணம் அவரிடம் வட்டியில்லாக் கடனாகக் கிடக்கிறது.

1960-ம் வருஷச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்றது. அதிகம் வாங்கியிருந்தால் அதை வாடகைப் பாக்கியில் கழிக்க வேண்டுமென்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இன்று இல்லை. 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஒன்று மூன்றாயிற்று! அதுவும் எப்படி? ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் என்ற நிபந்தனையோடு. பத்து மாதம் என்று எழுதிய தாளில் நாம் கையெழுத்திட்டால் அந்த வரம்பு பறந்துவிடும். தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதுமென்று நிற்கிறவனும் வீட்டுக்காரரும் சரிசமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுவதாகச் சர்க்கார் நினைத்தது போலும்.

ஆனால் அதே சட்டத்தில் நாம் பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நம் பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். அடுத்த ஆளைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வர்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பென்று அட்டவணையே போட்டிருக்கிறது. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு ஆகியவை நம் பொறுப்பு. அதில் தகராறு வேண்டாம். இந்தப் பொறுப்புகளையும் ஒப்பந்தத்தில் மாற்றி எழுத முடியும் என்பதை மறக்கக்கூடாது. வெள்ளையடிப்புச் செலவு நம் தலையில் விழுவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வரி வரியாக வாசித்துச் சொல்லுகிறோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். குடியேறும் நாளில் சுவரையும் குழாயையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள்.

இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கென்றே எழுதப்பட்டது. கிராமத்தில் குடக்கூலிக்கு இருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு ரசீதும் சாட்சியும் இன்னும் அவசியம்.

இந்த வாரம் முன்பணம் கொடுக்கப்போகிறவர் யாரேனும் இங்கே இருந்தால், கூட்டம் கலைவதற்குள் தாளோடு முன்னே வாருங்கள்.