பனிக்கு ஓர் ஏர்மாடு

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் விடுதி சாம்பாரைப் பற்றியும், தேர்வுக்கு முந்தின ராத்திரிகளைப் பற்றியும் பேசி உங்களைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டார்கள். நான் பேசப் போவது பனி தள்ளுகிற வண்டியைப் பற்றி. "இதென்னடா, மேடையிலே ஏறி வண்டி வியாபாரம் பண்ண வந்துட்டானா?" என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. தலைப்பைக் கொடுத்தது நானல்ல, செயலாளர்தான்.

அவர் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் ஓய்வு பெற்ற கையோடு மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் 5 ஏக்கர், 10 ஏக்கர் என்று நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போகிறோம். நிலத்தைப் பார்க்கப் போவது ஜூன், ஜூலையில். ஏரி தெரிகிறது, மான் தெரிகிறது, மேப்பிள் மரம் தெரிகிறது. வீட்டு வாசலுக்கும் கவுன்டி ரோட்டுக்கும் நடுவிலே 100 மீட்டர் மண்பாதை கிடப்பது மட்டும் கண்ணில் படுவதில்லை. நவம்பர் வந்த பிறகு அது ஒன்றுதான் கண்ணில் படும்!

நான் இருப்பது டுலூத் நகருக்கு வெளியே. 1991 அக்டோபர் கடைசி நாளில் தொடங்கிய ஒரே புயலில் அங்கே 36.9 அங்குலம் பனி கொட்டியது. 2022-23 குளிர்காலத்தில் மொத்தம் 140.1 அங்குலம் விழுந்தது. பதினோரு அடிக்கு மேல்! அந்த ஊர்ப் பதிவேட்டில் அதுதான் உச்சம்.

நாமெல்லாம் கணக்குப் படித்தவர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அதன்மேல் 15 சென்டிமீட்டர் பனி. 45 கன மீட்டர். புதிதாக விழுந்த பொடிப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் நாலரை டன். ஈரப்பனி அதைப் போல் இரண்டு பங்குக்கு மேலும் கனக்கும். ஆக, ஒரு ராத்திரியில் உங்கள் வாசலில் ஒரு லாரி லோடு கிடக்கிறது. அதை மண்வாரி கொண்டு அள்ளலாம் என்று இறங்குகிறவர் இருபது வயதுப் பையனாக இருந்தால் சரி. அறுபதைத் தாண்டியவருக்கு அது ஆபத்து. குளிரில் ரத்தக் குழாய் சுருங்குகிறது, கை வேலையில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறோம். பனி அள்ளும்போது மாரடைப்பு வருவதைப் பற்றி அமெரிக்க இதயச் சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் எச்சரிக்கிறது. நம் ஆட்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கூடவே வருகிறதே, சொல்ல வேண்டுமா?

ஆள் வைத்துத் தள்ளலாம். ஆனால் புயல் நாளில் அவருக்கு நாற்பது வீடு. உங்கள் முறை மறுநாள் சாயங்காலம் வரும். டிராக்டர் நல்லதுதான், விலை அதிகம். கையால் ஓட்டும் ஸ்னோ புளோயர் 20 மீட்டர் பாதைக்குப் போதும். 100 மீட்டருக்கு அதன் பின்னால் நடந்தே கால் விறைத்துவிடும். இந்த இடத்தில்தான் ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர வண்டி உதவுகிறது. மோட்டார் சைக்கிள் போல இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுவது. முன்னால் ஒரு இரும்புப் பலகையை மாட்டினால் பனி தள்ளும். கோடையில் அதையே கழற்றி வைத்துவிட்டு டிரெய்லரை மாட்டினால் விறகு இழுக்கும், வேலிக் கம்பம் சுமக்கும், தோட்டத்துக்கு எரு கொண்டுபோகும். ஆங்கிலத்தில் பனி தள்ளும் பலகைக்கும் ஏருக்கும் ஒரே சொல்தான். அதனால் இதை நான் ஏர்மாடு என்றே சொல்வது வழக்கம்.

மாடு பிடிக்கப் போகும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கொம்பு அழகைப் பார்த்துக் காசு கொடுக்க மாட்டார்கள். பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைப் பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். கடைக்காரர் முதலில் சொல்வது எத்தனை சி.சி., எவ்வளவு வேகம் என்பது. அது பந்தயக்காரருக்கு. நமக்கு வேண்டியவை வேறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கனமும் பிடிப்பும். பனியைத் தள்ளுவது டயரின் பிடிப்பு. பிடிப்பு இல்லாத வண்டிக்கு 200 சி.சி. கூடுதலாகக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே குழி தோண்டும், அவ்வளவுதான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக, முன் அச்சைப் பூட்டும் வசதியோடு இருந்தால் நல்லது. வேலைக்கான வண்டிகள் ஏறத்தாழ 250 முதல் 350 கிலோ எடை. 400 முதல் 600 சி.சி. என்ஜின் நம் பாதைக்குத் தாராளம். டயருக்குச் சங்கிலி மாட்டுங்கள். பின் கேரியரில், அது தாங்கும் அளவுக்குள், ஒரு மணல் மூட்டையைக் கட்டுங்கள். பெரிய என்ஜினுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குப் பலன் அதிகம்.

இரண்டாவது, கியர். பெரும்பாலான வண்டிகளில் ரப்பர் பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது. ஓட்ட எளிது. ஆனால் பனி தள்ளும்போது உயர் கியரில் போட்டு முக்கினால் பெல்ட் சூடேறித் தேயும். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் வழுக்கும். ஆகவே 'லோ' கியர், எப்போதும் 'லோ' கியர். ஹோண்டாவின் ரான்சர், ஃபோர்மேன் போன்ற வேலை வண்டிகளில் பெல்ட் கிடையாது, பல்சக்கரங்களே. இரண்டிலும் வேலை நடக்கும். எதை வாங்கினாலும் சரிவில் இறங்கும்போது என்ஜினே பிடித்து நிறுத்துகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஐஸ் மேல் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

மூன்றாவது, பவர் ஸ்டியரிங். பலகை கல்லில் இடித்தால் ஹேண்டில்பார் கையை உதறும். தோள்பட்டை வலிக்காரர்கள் இந்த வசதியைத் தவிர்க்கவே கூடாது.

நான்காவது, பலகை. இங்கேயும் கணக்குத்தான். வண்டியின் அகலம் சுமார் 48 அங்குலம். 50 அங்குலப் பலகை போதும் என்று தோன்றும். ஆனால் பனியை ஓரமாகத் தள்ள வேண்டுமானால் பலகையைச் சாய்க்க வேண்டும். 30 டிகிரி சாய்த்தால் 50 அங்குலம் 43 ஆகிவிடும். உங்கள் டயரே பனிமேல் ஏறும். 60 அங்குலப் பலகை சாய்த்தபின் 52 நிற்கும். அதுதான் நமக்கு அளவு. 72 அங்குலம் என்பது பெரிய வண்டிக்கு. சரளைக்கல் பாதையாக இருந்தால் பலகையின் அடியில் உள்ள கால்களைச் சற்று இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பனியோடு உங்கள் சரளைக்கல்லும் புல்வெளிக்குப் போய்ச் சேரும்.

பலகையைத் தூக்க வின்ச் வேண்டும். 2,500 அல்லது 3,000 பவுண்டு இழுக்கும் வின்ச் போதுமானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றி இரும்புக் கம்பி நைந்துபோகும். செயற்கை இழைக் கயிறு மேல்.

ஐந்தாவது, குளிர். 1996 பிப்ரவரி 2-ஆம் தேதி மினசோட்டாவின் டவர் என்ற ஊரில் மைனஸ் 60 டிகிரி பாரன்ஹீட் பதிவானது. அந்த மாதிரிச் சீமையில் காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். கார்புரேட்டர் வண்டியைவிட எரிபொருளைப் பீய்ச்சும் வண்டி சுலபமாகக் கிளம்பும். கையேட்டில் சொன்ன குளிர்கால எண்ணெயை ஊற்றுங்கள். குளிரில் பேட்டரி பாதி பலம் இழக்கிறது. வின்ச் வேறு அதையே உறிஞ்சுகிறது. ராத்திரியில் சார்ஜரில் போட்டு வையுங்கள். கைப்பிடிச் சூடேற்றி ஆடம்பரம் இல்லை, அவசியம்.

ஆறாவது, கடை. ஹோண்டாவா, யமஹாவா, போலாரிஸா, கேன்-ஆமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறாரோ, அந்த வண்டி. ஜனவரியில் ஒரு பெல்ட்டுக்காக மூன்று மணி நேரம் கார் ஓட்டுவது நல்ல யோசனை அல்ல.

தள்ளும் முறையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முதல் பனியிலேயே ஓரத்துக் குவியலை வெகுதூரம் தள்ளி வையுங்கள். அது உறைந்து கல்லாகிவிடும். பிப்ரவரியில் பாதை பாதியாகக் குறுகும். பனி முழுதும் நிற்கட்டும் என்று காத்திருக்காமல் நாலைந்து அங்குலத்துக்கு ஒருமுறை தள்ளுங்கள். பொது ரோட்டில் கொண்டுபோய்த் தள்ளுவது மினசோட்டாவில் சட்டப்படி குற்றம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த வண்டி ஆளைக் கொல்லும். 1970-இல் ஹோண்டா கொண்டுவந்தது மூன்று சக்கர வண்டி. அது கவிழ்ந்து எத்தனையோ பேர், அதில் குழந்தைகள் பலர், செத்தார்கள். 1988-இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. நாலு சக்கரம் வந்த பிறகும் கவிழ்வது நிற்கவில்லை. 300 கிலோ மேலே விழுந்தால் நெஞ்சு தாங்காது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புது வண்டி எதுவானாலும் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் இருக்க வேண்டும் என்று விதி. சில பெரிய கம்பெனிகள் வண்டி விற்பதையே அங்கே நிறுத்திக்கொண்டன.

எனவே கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள். இருவர் அமர வடிவமைக்காத வண்டியில் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். பேரப்பிள்ளை, "தாத்தா, ஒரு ரவுண்டு" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பெரியவர்கள் வண்டி பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ல. உங்கள் நிலம் மேடு பள்ளமானது என்றால், அல்லது வயது எழுபதை நெருங்குகிறது என்றால், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை வண்டியைப் பாருங்கள். கூண்டு உண்டு, சீட் பெல்ட் உண்டு. விலை கூடத்தான். எலும்பு முறிவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் ஒரு ராத்திரி. மாலையிலிருந்தே பனி. பத்து மணிக்கு ஒருமுறை தள்ளிவிட்டு வந்து படுத்தேன். இரண்டு மணிக்கு என் மாமியாருக்கு நெஞ்சடைப்பு. 911-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் நேராக எங்கள் வாசப்படி வரைக்கும் வந்தது. ஏற்றும்போது அந்தப் பையன் சொன்னான்: "சில வீடுகளில் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு போகிறோம் சார், அதிலேயே நேரம் போய்விடுகிறது." அம்மா இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, 'எப்போ முடிப்பார் மாப்பிள்ளை' என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

வெயில் நாளில் கடைக்குப் போய், வழவழவென்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த வருஷத்தின் மிக மோசமான ராத்திரியை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அன்றைக்கு அது கிளம்ப வேண்டும், தள்ள வேண்டும், உங்களைப் பத்திரமாக வீட்டுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த மூன்றும் செய்யும் வண்டி எந்த நிறமானால் என்ன?

சாப்பாட்டு வேளையில் யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் என்னைப் பிடித்துக் கேளுங்கள். பாதையின் நீளம், சரிவு, உங்கள் வயது, இந்த மூன்றையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.