திருநெல்வேலி ரேடியோ: பேசியது அசரீரியா?

(பத்தமடைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



திருநெல்வேலி ரேடியோ நிலையத்தின் சரித்திரத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை ஏற்பட்டிருக்கிறது. ரேடியோவென்றால் பாட்டும் செய்தியும்தானே, இதில் பகுத்தறிவுக்கு என்ன ஜோலி என்று சிலர் நினைக்கக்கூடும். நிரம்ப ஜோலி இருக்கின்றது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புராணக் கதைகளில் சமயம் பார்த்து ஆகாயத்திலிருந்து ஒரு அசரீரி பேசும். பேசியவன் யார் என்று கேட்கக் கூடாது. சொன்னது சரியா என்றும் கேட்கக் கூடாது. ஆனால் நிஜமாகவே ஆகாய மார்க்கமாய்க் குரல் வந்தது எப்படி? 1880களில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் மின்காந்த அலையைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டினார். 1895 வாக்கில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லாமல் அலையை அனுப்பித் தூரத்தில் மணியடிக்கச் செய்தார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பினார். இவர்களில் எவரும் தவம் செய்து வரம் வாங்கியவர்களல்ல. சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள்.

நமது நாட்டு விஷயத்திற்கு வருவோம். 1924-ல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முதலியவர்கள் ஒரு ரேடியோ கிளப் வைத்து ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோயிற்று. 1930-ல் சென்னை நகரசபை அந்த வேலையை ஏற்று நடத்திற்று. பிறகு சர்க்கார் நிலையம் 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் ஏற்பட்டது. நம் ஜில்லாவுக்கு 1963 டிசம்பரில்தான் வந்தது. பாளையங்கோட்டையிலுள்ள அந்த நிலையத்தின் மத்திய அலை எண் 1197 கிலோஹெர்ட்ஸ்.

அதற்கு முன் இத்தென்கோடியில் இலங்கை வானொலிதான் தெளிவாய்க் கேட்கும். 1952-ல் டில்லியில் மந்திரியான கேஸ்கர் என்பவர், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கும் என்று அதைக் குறைக்கச் செய்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? திருகாணியைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! 1957-ல் விவிதபாரதி என்று ஏற்படுத்திப் பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜனங்களின் காது மந்திரியின் சொத்தல்லவென்பது அன்று விளங்கிற்று.

உள்ளூர் நிலையத்தால் நமக்கு என்ன லாபம்? பத்திரிகை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். ரேடியோ கேட்க வேண்டியதில்லை. படித்தவன் தயவுக்குக் காத்திராமல், கோரைப்பாய் முடையும் பெண் கைவேலையை விடாமலே உலகத்தை அறியலாம். தஞ்சை ஜில்லாவில் 1960களில் ஆடுதுறை 27 என்ற ரகத்தை ரேடியோவில் கேட்டுப் பயிரிட்ட குடியானவர்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். பக்கத்தூர்ச் சேரன்மாதேவிக் குருகுலத்தில் 1920களில் பிள்ளைகளுக்குப் பந்தி பிரித்தார்கள். ரேடியோ அலைக்குப் பந்தி பிரிக்கத் தெரியாது. அக்கிரகாரம் என்றும் சேரி என்றும் பாராமல் ஒரே நொடியில் எல்லா வீட்டிற்குள்ளும் நுழையும்.

நிற்க. அலைக்கு ஜாதியில்லை, ஆனால் அலையை ஆளுபவன் யார்? இதைத்தான் யோசிக்க வேண்டும். 2023 மே மாதத்தில் எங்கும் "ஆகாசவாணி" என்றே சொல்ல வேண்டுமென்று உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் ஆட்சேபணை எழுந்தது. இது வெறும் பாஷைச் சண்டையல்ல. வானொலி என்றால் வானில் வரும் ஒலி. உள்ளதைச் சொல்லும் சொல். ஆகாசவாணி என்றால் ஆகாயத்தின் வாக்கு. ஆகாயம் எப்போதையா வாய் திறந்தது? பேசுகிறவன் சம்பளம் வாங்கும் மனிதன். எழுதிக் கொடுப்பவனும் மனிதன். மனிதன் பேச்சென்றால் கேள்வி கேட்கலாம். அசரீரி என்றால் கும்பிட மட்டும்தான் முடியும்.

வானலைகள் பொதுஜனச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2006-ல் பொதுத்தொண்டு ஸ்தாபனங்களும் சமுதாய வானொலி நடத்தலாமென்று வழிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் சரி, தனியார் பண்பலையிலும் சரி, சொந்தமாய்ச் செய்தி சொல்ல விதி இடங்கொடுப்பதில்லை. சர்க்கார் ரேடியோவின் செய்தியைத்தான் எடுத்துச் சொல்லலாம். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை நாலு பக்கப் பத்திரிகை எழுதலாம். அதையே உள்ளூர்ச் செய்தியாக அந்த ரேடியோவில் வாசித்தால் குற்றம்! சொத்து ஜனங்களுடையது, வாய்ப்பூட்டும் ஜனங்களுக்கேயா?

ஆகவே தோழர்களே! கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தவறாய்ச் சொன்னால் நிலையத்திற்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆற்றைப் பற்றி ஆற்றங்கரைக் குடியானவனும், பாயைப் பற்றிப் பாய் முடையும் பெண்ணும் அங்கே பேச இடம் கேளுங்கள். உள்ளூர் நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் ஏனென்று கேளுங்கள். காது நம்முடையது, அலையும் நம்முடையது. குரலும் நம்முடையதாகிற வரையில் நமக்கு வேலை இருக்கின்றது.