சல்லிவன் பங்களாவும் எங்கள் வீட்டுச் சுவரும்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கு போயிருக்கிறீர்களா? 1819-இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா அங்கே இருக்கிறது. விக்டோரியா மகாராணி பிறந்ததே அந்த வருஷம்தான்! பாழடைந்து கிடந்ததைச் செப்பனிட்டு, இன்று அருங்காட்சியகமாகவும் நீலகிரி ஆவண மையமாகவும் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் தாத்தா வீடும் மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சுதான். ஓய்வுபெற்ற பணத்தில் அதற்கு சிமென்ட் பூசினேன். வங்கியில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவன், கூலியை மட்டும்தான் கணக்குப் பார்த்தேன். நம் மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. சுவர் குடித்த ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும், சிமென்ட் விடாது. மூன்றாம் மழைக்குப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, உள்ளே மண்ணும் கரைந்திருந்தது. தாத்தா கட்டிய ஒரு அறையை இடிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

நம் காலனியிலும் பழைய ஓட்டு வீடுகள் சில மிச்சம் இருக்கின்றன. கொத்தனார் சிமென்ட் மூட்டை இறக்குமுன் என் வீட்டுப் பின்சுவரை வந்து பாருங்கள். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.