கறுப்பு அழகுதான், ஆனால் கருவி பேச வேண்டுமே!



இசைக்கருவிக்கு ஒப்பனை தேவையா என்பது இன்றைய கேள்வி. தேவைதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இளையர்கள் விரும்பும் முழுக் கறுப்பு பேஸ் கித்தாரையே எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பு ஆசை புதிதல்ல. 1951இல் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் உடல் இளமஞ்சள். முகப்புத் தகடு கறுப்பு. இன்றோ தகடு, முறுக்காணி, குமிழ், பிரிட்ஜ், தந்தி எல்லாமே கறுப்பாக வேண்டும் என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு அவருடைய மாமா தம் பழைய பேஸ் கித்தாரைக் கொடுத்தார். தம்பி பிரிட்ஜைக் கழற்றி, மேலும் கீழும் கறுப்புச் சாயம் அடித்து மாட்டினார். பார்க்க அமர்க்களம்! ஆனால், திருமண விருந்து மேடையில் ஒரே இரைச்சல். பாட்டு பாதியில் நின்றது. முன் வரிசையில் மாமா!

காரணம் எளிது. பிரிட்ஜின் அடியில் ஓர் எர்த் ஒயர் தொட்டுக்கொண்டிருக்கும். தந்திகளில் நம் விரல் படும்போது மின் இரைச்சல் அதன் வழியே அடங்கும். சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. ஒயர் தொடும் இடத்திலும் தந்தி அமரும் இடங்களிலும் சாயத்தைச் சுரண்டிய பிறகே அந்தக் கித்தார் அமைதியானது.

ஆகவே, சாயம் அடிப்பதைவிட, கறுப்பு முலாம் பூசிய பாகங்களை வாங்கி மாற்றுவதே நல்லது. வாங்குமுன் முறுக்காணித் துளையின் அகலம், தகட்டின் திருகுத் துளைகள், தந்திகளின் இடைவெளி மூன்றையும் அளந்து பாருங்கள். கறுப்பு நைலான் சுற்றிய தந்தியில் ஒலி மென்மையாகும். பளீரென்ற ஓசை குறையும். கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகளை மட்டும் கறுப்பாக்காதீர்கள். இருண்ட மேடையில் விரலுக்கு வழிகாட்டுபவை அவைதாம்.

விரல் பலகைக்குக் கருங்காலி கேட்பவர்களுக்கு ஒரு சொல். டெய்லர் கித்தார் நிறுவனம் 2011இல் கேமரூனில் ஒரு கருங்காலி ஆலையைக் கூட்டாக வாங்கியது. உள்ளே நிறக்கோடு இருந்த குற்றத்திற்காகவே வெட்டிய மரங்கள் காட்டில் கைவிடப்பட்டதை அதன் நிறுவனர் பாப் டெய்லர் அங்கே அறிந்தார். அதன் பின் கோடு விழுந்த மரத்தையும் அந்நிறுவனம் பயன்படுத்துகிறது. முழுக் கறுப்பே வேண்டுமா? காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்யும் ரிச்லைட் பலகை இருக்கிறது. நம் அழகுக்காக ஒரு மரம் வீணாக வேண்டாம்.

கடைசியாக, கழற்றிய பழைய பாகங்களை வீசிவிடாதீர்கள். அந்தத் தம்பி மாமாவின் பழைய திருகுகளைக்கூட இப்போது ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். நாளை மனம் மாறினால், மாமாவின் கித்தார் மாமாவின் கித்தாராகவே திரும்பி வரும்.