இரண்டாவது பாஷை யாருக்கு வரும்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் மாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், மனிதன் தன் தாய்ப்பாஷை தவிர இன்னொரு பாஷையை எப்படிக் கற்றுக்கொள்ளுகிறான் என்பதாகும். இது பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு உரியதாயிற்றே, பனியன் தொழிலாளர் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த விஷயத்தில் உபாத்தியாயர்களைவிட அதிக அனுபவம் உள்ளவர்கள் இந்தத் திருப்பூரில்தான் இருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து, இந்த ஸ்டேஷனில் இறங்கியபோது "தண்ணீர்" என்று கேட்கக்கூடத் தெரியாதிருந்தவர், ஒரு வருஷத்திற்குள் பீஸ் ரேட் குறைந்துவிட்டதென்று தமிழிலேயே வாதாடுகிறார். எந்தப் பள்ளிக்கூடம் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?

முதலில் பாஷை எப்படி வராது என்பதைப் பார்த்து விடுவோம். நம் நாட்டில் கல்வி என்றாலே அது கடவுள் போடும் பிச்சை என்று எண்ணப் பழகிவிட்டார்கள். பேச்சு வராத குழந்தையின் நாக்கில் வசம்பைச் சுட்டுத் தேய்ப்பதும், விஜயதசமியில் அரிசியில் எழுத வைத்தால்தான் படிப்பு ஏறும் என்பதும் இந்த எண்ணத்தில் பிறந்தவைதாம். இரண்டாவது பாஷையைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து காசிக்குப் போன குமரகுருபரர், அங்கே மடத்திற்கு இடம் கேட்க முகலாய அதிகாரியைப் பார்க்க வேண்டியிருந்ததாம். இந்துஸ்தானி தெரியாது. ஆகவே சரஸ்வதியை நோக்கிச் சகலகலாவல்லி மாலையைப் பாடினாராம். உடனே அந்தப் பாஷை வந்துவிட்டதாம்.

தோழர்களே! இந்தக் கதையைக் கட்டினவர்கள் குமரகுருபரருக்குச் செய்தது மரியாதையா, அநியாயமா என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் அவ்வளவு புலமை படைத்த ஒருவர், காசித் தெருவிலும் படித்துறையிலும் காது கொடுத்துக் கேட்டு, தப்புந்தவறுமாகப் பேசி, நாலு பேர் சிரிப்பதையும் பொறுத்துக்கொண்டுதானே அந்தப் பாஷையைக் கற்றிருக்க முடியும்? அவர் பட்ட பாடு அத்தனையையும் பிடுங்கிச் சரஸ்வதியின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். அதே சரஸ்வதி நம் ஒடிசாத் தோழருக்கு ஒரு வார்த்தை கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஓவர்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற கைமடிப் பெண்தான் கொடுத்தார்.

இதற்கு எதிரான உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுடன் கீழே உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்துவிட்டார். அவருடைய மதத்தில் நமக்கு அக்கறையில்லை. வயது வந்த மனிதர், படித்தவர், வெள்ளைக்காரர், சின்னப் பிள்ளைகளுக்குச் சமமாக மணலில் உட்கார வெட்கப்படவில்லையே, அதுதான் நமக்கு வேண்டும்.

நிற்க. நம் கொங்கு நாட்டில் ஒரே பாஷையோடு வாழ்கிறவர்கள்தான் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். சிறுமுகைப் பக்கத்துத் தறிக்காரர்களில் பலருக்கு வீட்டில் கன்னடம், தறிக்கு வெளியே தமிழ். கோயமுத்தூர் நாயுடு குடும்பங்களில் தெலுங்கு. தாளவாடி மலைமேல் போனால் கன்னடம். பாலக்காட்டுப் பக்கம் சாய்ந்தால் மலையாளம். ஈரோட்டில் பெரியார் குடும்பத்திலும் வீட்டுப் பாஷை கன்னடம்தான். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனாரின் மண்டிக்கு வந்துவிட்டவர் அவர். பிற்காலத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் உட்கார்ந்து கேட்ட அவருடைய தமிழ் மண்டித் தமிழே ஒழியப் பண்டிதர் தமிழல்ல.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பாருங்கள். விலை பேசுவதற்குப் பாஷையே வேண்டாம். துண்டைப் போட்டு மூடி உள்ளே விரலைப் பிடித்தால் போதும். ஆனாலும் மாட்டுக்குப் பல் எத்தனை, சுழி எப்படி, ஏர் இழுக்குமா என்று கேட்டாக வேண்டுமே. அதனால் மலையாளத்துக்காரர் தமிழும், நம்மவர் மலையாளமும் பேசப் பழகினார்கள். பிழைப்பு கேட்கிறது, வாய் பேசுகிறது. அவ்வளவுதான் அதிலுள்ள மந்திரம்.

"எங்களுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே வரப்போகிறது?" என்று சிலர் சொல்லுகிறார்கள். சிறு வயதில் தொடங்கினால் உச்சரிப்பும் இலக்கணமும் நன்றாகப் படியும் என்பது உண்மையே. 2018இல் சுமார் 6,70,000 பேரை வைத்து ஆங்கிலம் பற்றி நடத்திய ஓர் ஆராய்ச்சியில், இலக்கணம் கற்கும் சக்தி ஏறக்குறைய 17 வயது வரையில் குறையாமல் இருக்கிறதென்று கண்டார்கள். அதற்குமேல் வேகம் குறைகிறதே தவிரக் கதவு சாத்தப்பட்டுவிடவில்லை. அமெரிக்க சர்க்கார் தன் வெளிநாட்டு உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க 44 வாரம், அதாவது 1,100 வகுப்பு மணி, கணக்குப் போட்டிருக்கிறது. அவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள்தாமே! தினம் ஒரு மணி நேரம் படிக்கிறவருக்கு இது மூன்று வருஷ வேலை. தினம் பத்து மணி நேரம் தமிழ்ப் பேச்சின் நடுவில் நிற்கிறவர் ஒரு வருஷத்தில் பேசினால் அதில் ஆச்சரியமென்ன? கேட்ட சொல்லை மறுநாளும், நாலு நாள் கழித்தும் மறுபடி எடுக்காவிட்டால் மறந்துபோகும் என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தம்மைத்தாமே சோதித்துக் காட்டியிருக்கிறார். கம்பெனியில் "பிசிறு வெட்டு" என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவருக்கு அந்தச் சோதனைகூட வேண்டியதில்லை.

இனி நாம் முக்கியமாகச் சொல்லவந்த விஷயத்திற்கு வருகிறோம். கற்கிறவர் காதில் எது விழுகிறதோ, அதுதான் அவர் வாயிலிருந்து வரும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே என்பீர்கள். தெரிந்திருந்தால் சில மாதங்களுக்குமுன் ஒரு கம்பெனியில் நடந்தது நடந்திருக்காது. முதலாளியின் வயதான தாயார் உள்ளே வந்தார். பத்தொன்பது வயது வடநாட்டுப் பையன் ஒருவர் எழுந்து, தம் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "பாட்டி வா, இங்கே உட்கார்" என்று சொன்னார். மரியாதையாக எழுந்திருந்தார், தம் இடத்தைக் கொடுத்தார், சிரித்த முகத்தோடு சொன்னார். ஆனால் சூப்பர்வைசர் பாய்ந்து வந்து, "பெரியவர்களை வா, போ என்றா சொல்லுகிறாய்?" என்று கன்னத்தில் ஒரு அறை விட்டார். அந்தப் பையன் எதற்காக அடி விழுந்தது என்றே தெரியாமல் விழித்தார்.

அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊருக்கு வந்த நாளாக அவரை யாராவது "வாங்க" என்று கூப்பிட்டதுண்டா? "டேய் இங்கே வா", "அதை எடு", "சீக்கிரம் போ". இவைதாம் நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தமிழில் "வா" என்பதற்கு மேலே "வாங்க" என்று ஒன்று இருப்பதை அவருக்குத் தெரியவிடாமல் செய்தவர்கள் நாம். அது தெரியவில்லையென்று அடித்தவர்களும் நாம். கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று நமக்குப் பெருமைக்குக் குறைவில்லை. கோயமுத்தூர்க்காரர் திட்டினாலும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளுகிறோம். அந்த "ங்க" யாருக்கு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருக்குப் புரிய வேண்டுமென்று நாமே நம் தமிழை நொண்டியாக்கி, "நீ நாளை வேலை வா", "சாப்பாடு ஆச்சு நீ?" என்று பேசுகிறோம். அவர் அதையே திருப்பிச் சொன்னால், "இவனுக்குத் தமிழ் வராது" என்கிறோம். மெதுவாகப் பேசுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், கையால் காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முழுத் தமிழாகப் பேசுங்கள். "நாளைக்கு வேலைக்கு வாங்க" என்பதில் புரியாதது என்ன இருக்கிறது?

இந்த வழக்கம் வடநாட்டார் வந்தபிறகு ஏற்பட்டதல்ல. கொங்கு நாட்டு அருந்ததிய மக்களில் பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களும் தமிழை இரண்டாவது பாஷையாகத்தான் கற்றார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் அவர்களைச் சேர்க்கவில்லை. காட்டிலும் தோட்டத்திலும் கற்றார்கள். அவர்கள் காதில் விழுந்தது "டா", "டீ". அவர்கள் வாயிலிருந்து வர வேண்டியிருந்ததோ "சாமி", "பண்ணாடி". காதில் விழாத மரியாதையை வாயில் வரவழைக்க வேண்டுமானால் அதற்குத் தடி வேண்டும். அந்தத் தடி பண்ணையத்தில் இருந்தது. பத்து வயதுப் பண்ணையார் மகன் அறுபது வயதுக் கிழவரை "டா" போட்டுக் கூப்பிட்டானே, அவனுக்கு மட்டும் அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவனும் காதால் கேட்டுக் கற்றவன்தான்.

கேட்கவே கூடாது என்று பூட்டிவைத்த பாஷையின் கதையையும் பாருங்கள். சூத்திரன் காதில் வேதம் விழக்கூடாது என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். இன்று, 2011 ஜனக்கணக்குப்படி, சமஸ்கிருதம் தாய்ப்பாஷை என்று சொன்னவர்கள் இந்தியா முழுவதிலும் 24,821 பேர். இங்கிலீஷோ, தாய்ப்பாஷையாகப் பேசுகிறவர்களைவிட இரண்டாவதாகக் கற்றவர்களையே அதிகமாக உடையது.

அந்த இங்கிலீஷுக்காகத் தோட்டத்தை விற்றுச் சம்பளம் கட்டுகிற பெற்றோர்களும் இங்கே இருக்கிறீர்கள். தமிழில் பேசினால் அபராதம் என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் சில உண்டு. அபராதத்திற்குப் பயந்த பிள்ளை இங்கிலீஷ் பேசுவதில்லை. பேசாமலே இருந்து பழகுகிறது. பாடத்தை ஒரு மூச்சில் ஒப்பிக்கும், எதிரே ஆள் வந்தால் ஒரு கேள்வி கேட்காது. பிழையாகப் பேசுகிற பிள்ளையைச் சிரிக்காமல் பேசவிடுகிற உபாத்தியாயர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

கட்டாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938இல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை 125 பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைக் கைதிகளாகவே உயிர்விட்டார்கள். 1940 பிப்ரவரியில் உத்தரவு வாபஸாயிற்று. இன்றோ, இதே திருப்பூரில் எத்தனையோ கட்டிங் மாஸ்டர்களும், மளிகைக் கடைக்காரர்களும், கூட வேலை செய்கிற பெண்களும் பரீட்சையில்லாமல், சர்க்கார் உத்தரவில்லாமல் வேண்டிய இந்தி பேசுகிறார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. அன்று எதிர்த்தது பாஷையையா, தலையில் கட்டினதையா என்று இன்னமும் கேட்கிறவர்கள் ஒரு நாள் மளிகைக் கடை முன்னால் நின்று பார்க்கட்டும்.

ஆகவே நமது வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி முதல் ஏழரை வரை ஒரு வகுப்பு வைக்கலாமென்று தலைவர் அவர்களும் நாமும் யோசித்திருக்கிறோம். புத்தகம் பிறகு. முதல் மாதம் மிஷின் சுவிட்சு, கூலிச் சீட்டு, பஸ், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறதென்று சொல்லுவது, இவைகள் மட்டும். எழுத்து இரண்டாவது மாதத்தில். வடநாட்டுத் தோழர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம் என்று உட்காராமல் ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். அரை மணி நேரம் நம்மவர்கள் அவர்கள் பாஷையைப் பேசிப் பிழை செய்ய வேண்டும். சிரிப்பதானால் இரண்டு பக்கமும் சிரிக்கலாம். வகுப்புக்குள் வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் எல்லோரையும் "வாங்க" என்றே சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கரும்பலகை வந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் தனியாக வரத் தயங்குவார்கள்; ஆகையால் தாய்மார்களில் நாலைந்து பேராவது முன்வந்து அவர்களை அழைத்துவர வேண்டும். வர இஷ்டமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.